டிபி மாத்திரை சாப்பிடுபவரைக் கவனித்துக்கொள்வது: சேலம், ஏற்காடு வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் எழுதுவது இது. அம்மாபேட்டையிலிருந்து வருபவர்களும் சரி, ஆத்தூர், ஓமலூர் பக்கத்து ஆட்களும் சரி, ஏற்காடு மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருபவர்களும் சரி, பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஓபியில் கூட்டம் நெரிக்கும்போது அரைகுறையாகச் சொல்லி அனுப்பிய பதில்களை இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதியது. நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கும் உதவும். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் டிபி பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன்.

சிஸ்டர், மொத்தம் எத்தனை மாதம்? தினமும் எத்தனை மாத்திரை?

நுரையீரல் டிபிக்குப் பொதுவாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால். அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு போய்விடும், மற்ற மூன்றும் தொடரும். மூளை, முதுகெலும்பு போன்ற இடங்களில் டிபி இருந்தால் காலம் நீளும்.

நான்கு மருந்தையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்துத்தான் அரசு தருகிறது. எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. பெரியவர்களில் 25 முதல் 34 கிலோ வரை இரண்டு, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு, 65 முதல் 75 வரை ஐந்து, அதற்கு மேல் ஆறு. "பக்கத்து வீட்டுக்காரருக்கு மூணுதான், எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் நாலு? வியாதி முத்திப்போச்சா?" என்று கேட்பார்கள். இல்லை, அவர் எடை அதிகம், அவ்வளவுதான். மாதாமாதம் எடை பார்ப்பதும் இதற்காகத்தான். 46 கிலோவில் வந்தவர் தேறி 52 கிலோ ஆகிவிட்டால், மாத்திரை எண்ணிக்கையை டாக்டர் மாற்றுவார்.

வெறும் வயிற்றில்தான் போட வேண்டுமா? பிரித்துப் போடலாமா?

எல்லா மாத்திரையையும் ஒரே வேளையில், வெறும் வயிற்றில், தண்ணீரில் போடுவது நல்லது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. காலையில் மூன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்தால் ரத்தத்தில் மருந்து போதிய அளவுக்கு ஏறாது.

வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்றால் இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ குடித்துவிட்டுப் போடட்டும். மருந்து ஏறுவது கொஞ்சம் குறையும்தான். ஆனால் குமட்டலுக்குப் பயந்து மாத்திரையையே ஒளித்து வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரி படுக்கப் போகும்போது போடலாம், குமட்டல் தூக்கத்தோடு போய்விடும். எந்த வேளை என்றாலும் தினமும் அதே வேளை.

அசிடிட்டிக்குக் குடிக்கும் பிங்க் கலர் மருந்தை மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சிறுநீர் ரத்தம் மாதிரி போகிறதே?

ரிஃபாம்பிசின் நிறம் அது. சிறுநீர், வியர்வை, எச்சில், கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு சாயலாகும். வெள்ளைப் பனியனில் கறை படியும், கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு லென்ஸ் நிறம் மாறும். பயப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார் என்பதற்கு வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கும் சாட்சியே இதுதான்.

வாந்தி, பசியில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, காமாலையா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் இரண்டு வாரம் லேசான குமட்டல் பலருக்கு இருக்கும். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்து, மத்தியானத்துக்குள் அடங்கி, சாப்பிடவும் முடிந்தால் அது வயிற்று உபத்திரவம். போடும் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம், டாக்டர் வாந்திக்கு மாத்திரை தருவார்.

ஈரல் பாதிப்பு வேறு மாதிரி. நாள் முழுக்கக் குமட்டல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு, இன்னதென்று சொல்ல முடியாத அசதி, வலது விலாவுக்குக் கீழே வலி. அப்புறம்தான் கண் மஞ்சளாகும். மஞ்சள் தெரியும்வரை காத்திருப்பதுதான் வீடுகளில் நடக்கும் தப்பு. முதலில் போவது பசிதான், நிறம் மாறுவது கடைசியில். சிறுநீர் நிறத்தை வைத்து இங்கே எதுவும் சொல்ல முடியாது, அதுதான் ஏற்கெனவே ஆரஞ்சாக இருக்கிறதே. பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார வைத்து, கீழ்நோக்கிப் பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி வெள்ளை விழியைப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் லேசான மஞ்சள் தெரியாது.

சந்தேகம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவை. ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதி அளவு எகிறியிருந்தால் டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அது இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிப்பார். பெரும்பாலானவர்களுக்கு அப்படித் திரும்ப ஆரம்பித்துச் சிகிச்சை முடிந்துவிடும்.

கீழாநெல்லி பற்றி ஒரு வார்த்தை. காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதை வைத்துச் சண்டை போட நான் வரவில்லை. கீழாநெல்லியைக் கொடுத்துக்கொண்டே டிபி மாத்திரையையும் தொடர்வார்கள் பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். கஷாயம் குடித்தாயிற்றே என்று ஒரு வாரம் வீட்டிலேயே இருந்துவிட்டு, நினைவு தப்பிய பிறகு தூக்கி வருகிறார்கள்.

கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறார். வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. எத்தாம்புட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் சீக்கிரம் பிடிக்க வேண்டும். உடனே நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

மங்கலோடு சிவப்பும் பச்சையும் குழம்புவது இதன் அடையாளம். பட்டுத் தறி ஓட்டும் ஒருவர் என்னிடம் வந்து கண்ணைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. "நூல்காரர் சாயத்தை மாத்திட்டார் போல, அரக்கும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது, பார்டர் தப்பிப் போச்சு" என்று வியாபாரிமேல் குறைப்பட்டுக்கொண்டார். சாயத்தில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்பினோம், எத்தாம்புட்டால் நிறுத்தப்பட்டது, பிழைத்தார். அதிலிருந்து "கண் நல்லாத் தெரியுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள்.

வீட்டில் சுலபமாகச் செய்யக்கூடியது ஒன்று: சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். வாரத்துக்கு ஒரு நாள், அதே இடத்தில் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ராசிபலனைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். போன வாரம் படித்ததை இந்த வாரம் படிக்க முடியவில்லை என்றால், அல்லது சிவப்பு வளையலையும் பச்சை வளையலையும் காட்டினால் தடுமாறினால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வளையல் போதும். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

உள்ளங்கால் எரிகிறது, கை மரத்துப்போகிறது.

ஐசோனியசிட் உடம்பில் இருக்கும் பி6 வைட்டமினைக் குறைத்துவிடும். அதனால்தான் பைரிடாக்சின் என்ற சின்ன மாத்திரையைச் சேர்த்துத் தருகிறோம், தினமும் 10 மில்லிகிராம். "இது சத்து மாத்திரைதானே" என்று பலர் அதை மட்டும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். சர்க்கரைக்காரர்கள், குடிப்பவர்கள், கர்ப்பிணிகள், ரொம்ப மெலிந்தவர்கள் கட்டாயம் போட வேண்டும்.

சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. விரல் மரத்துப்போனால் பற்றவைக்கும்போது சூடு உறைக்காது. கொப்புளத்தோடு வந்து "எப்போ சுட்டதுன்னே தெரியல" என்பார்கள். மரத்துப்போகிறது என்று முதல் நாளே சொன்னால் பைரிடாக்சின் அளவைக் கூட்டிச் சரிசெய்யலாம்.

மூட்டு வலி? உடம்பு அரிப்பு?

மூட்டு வலி பைராசினமைடால் யூரிக் அமிலம் கூடுவதால் வருவது. முதல் இரண்டு மாதத்தோடு பெரும்பாலும் போய்விடும், வலி மாத்திரை போதும். லேசான அரிப்புக்கு அலர்ஜி மாத்திரை. ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, அதோடு காய்ச்சல், வாய்க்குள் புண், தோல் உரிதல் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடலாமா?

கூடாது. அன்றைக்கே ஞாபகம் வந்தால் அன்றைக்கே போடலாம். அடுத்த நாள் ஆகிவிட்டால் வழக்கமான அளவு மட்டும். விட்டுப்போன நாட்கள் கடைசியில் சேர்ந்துகொள்ளும். மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்து, அதில் மாத்திரை கண்ணுக்குத் தெரிந்தால் போன் செய்து கேளுங்கள், நீங்களாக மறுபடி கொடுக்க வேண்டாம்.

ரெண்டே மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டார். சளியிலும் கிருமி இல்லை என்றார்கள். இன்னும் ஏன் மருந்து?

விட்டுவிடுபவர்களில் பெரும்பாலோர் விடுவது இந்த இடத்தில்தான். இருமல் நின்றுவிட்டது, சாயங்காலக் காய்ச்சல் இல்லை, முகத்தில் களை வந்துவிட்டது. தறிக்கும் பட்டறைக்கும் திரும்பியாயிற்று. மாத்திரை வாங்க ஒரு நாள் லீவு போட்டால் கூலி போகிறது. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை.

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களில் செத்துவிடும், உடம்பு தேறுவது அதனால். பெருகாமல் பதுங்கிக் கிடக்கும் மிச்சக் கிருமிகளைத் தீர்க்கத்தான் அடுத்த நான்கு மாதம். இடையில் விட்டால் அவை திரும்பப் பெருகும். விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்கே அடங்காத கிருமியாக மாறவும் வாய்ப்பு உண்டு.

இதில் வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது திட்டுவது அல்ல. காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து, எங்களிடம் வரும்போது கொண்டு வாருங்கள். எண்ணிக்கை இடித்தால் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். மாத்திரை போடுவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மனைவியைவிட, நோயாளி கொஞ்சம் மரியாதை வைத்திருக்கும் வேறொருவரிடம் கொடுப்பது பல வீடுகளில் நன்றாக வேலை செய்கிறது. அண்ணி, மச்சான், டீக்கடைக்காரர், தெருவில் இருக்கும் அங்கன்வாடி டீச்சர், யாராக இருந்தாலும் சரி.

நிறுத்தலாமா என்று தோன்றினால், நிறுத்துவதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள். நோயாளியாகவே நிறுத்திவிட்டு வரலாம் என்று நான் சொல்வது மூன்றே இடத்தில்: காமாலை அறிகுறி, பார்வைக் கோளாறு, காய்ச்சலோ வாய்ப்புண்ணோ சேர்ந்த தடிப்பு. அதுவும் நிறுத்திவிட்டு வீட்டில் இருக்க அல்ல, அன்றைக்கே வர.

அவர் குடிப்பார். குடித்த அன்றைக்கு மாத்திரை கொடுக்கலாமா?

குடியும் இந்த மருந்தும் சேர்ந்தால் ஈரலுக்கு இரட்டை அடி. ஆறு மாதமும் தொடாமல் இருப்பதுதான் சரி. ஆனால் "குடிச்சா மாத்திரை போடக்கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், குடிக்கிற நாளெல்லாம் மாத்திரை விடுவதற்கு அதுவே சாக்காகிவிடும். நடப்பது அதுதான். அதனால் காலையில் எழுந்ததும் மாத்திரை என்று வழக்கப்படுத்துங்கள், குடிப்பதை எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஈரல் பரிசோதனையை அடிக்கடி பார்த்துக்கொள்வோம், குடி நிறுத்தும் சிகிச்சைக்கும் அனுப்புவோம். நாங்கள் திட்டுவோம் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். சில இடங்களில் திட்டவும் செய்கிறார்கள், அது எங்கள் பக்கத்துக் குறை.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையெல்லாம் கூடவே போடலாமா?

போடலாம், ஆனால் எல்லாச் சீட்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டு. ரிஃபாம்பிசின் மற்ற பல மருந்துகளை உடம்பிலிருந்து சீக்கிரமே வெளியேற்றிவிடும். சில சர்க்கரை மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், சில எச்ஐவி மருந்துகள் எல்லாம் இதில் வரும். சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் டிபி ஆறுவதும் தாமதமாகும், அதனால் இன்சுலின் போடச் சொன்னால் மறுக்க வேண்டாம். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெண்கள் கேட்கத் தயங்கும் ஒன்று: கர்ப்பத்தடை மாத்திரை இந்த நாட்களில் நம்பகமாக வேலை செய்யாது. காப்பர்-டியோ ஆணுறையோதான் வழி.

கர்ப்பமாக இருக்கிறாள். மருந்து குழந்தையைப் பாதிக்குமா?

இந்த நான்கு மருந்துகளையும் கர்ப்பத்தில் கொடுக்கிறார்கள். சிகிச்சை எடுக்காத டிபிதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. பழைய ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கூடாது, அது குழந்தையின் காதைப் பாதிக்கும். பிறந்த பிறகு தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். தாய் மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கட்டும், குழந்தைக்கு என்ன தடுப்பு மருந்து என்பதைக் குழந்தை டாக்டர் சொல்வார். தாயையும் பிள்ளையையும் பிரித்து வைக்கும் மாமியார்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். டிபி காற்றில்தான் பரவும், பாத்திரத்தில் பரவாது. நுரையீரல் டிபிக்காரர் இருமும்போது வெளிவரும் நுண்துளிகள், ஜன்னல் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். ஆகவே செலவழிக்க வேண்டியது ஜன்னலுக்கு, தனித் தட்டுக்கு அல்ல. சரியான மருந்து ஆரம்பித்து இரண்டு வாரம் போனால் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை மாஸ்க், காற்றோட்டமான இடத்தில் படுக்கை, குழந்தைகளோடு ஒரே பாயில் தூங்காமல் இருப்பது போதும். நெறிகட்டி டிபி போன்றவை நுரையீரலில் இல்லாதவரை பொதுவாகப் பரவாது.

ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடுகளில் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். ஒரே அறை, ஒரே ஜன்னல், மார்கழிக் குளிர், உள்ளேயே விறகடுப்பு. ஜன்னலைத் திறங்கள் என்று சொல்வது சுலபம். பகலில் வெயில் வந்ததும் கதவு, ஜன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள், நோயாளி வாசல் திண்ணையில் இருக்கட்டும், ராத்திரி அடுப்புக்குத் தள்ளிக் கதவோரம் படுக்கட்டும். அவ்வளவு முடிந்தாலே பெரிய வித்தியாசம்.

சளியைத் துப்ப மூடி போட்ட டப்பா ஒன்று வையுங்கள். அதில் கொஞ்சம் பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைத்து, பிறகு கழிவறையில் கொட்டலாம். மலைப்பக்கம் என்றால் குழி தோண்டிப் புதைக்கலாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு என்ன செய்வது?

எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். இருமல், காய்ச்சல், எடை குறைவு ஏதாவது இருந்தால் எக்ஸ்-ரே, சளிப் பரிசோதனை. டிபி இல்லை என்று உறுதியானால் வராமல் தடுக்க மருந்து உண்டு: ஐசோனியசிட் ஆறு மாதம் தினமும், அல்லது ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வேளை. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை முதலில் கூட்டி வாருங்கள், அவர்களுக்குத்தான் மூளை டிபி ஆபத்து. "நல்லா ஓடியாடுற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை?" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அதுதான்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? பத்தியம் உண்டா?

பத்தியம் கிடையாது. மெலிந்த உடம்புக்குப் பத்தியம் போட்டால் ஆள் எழுந்திருக்கவே மாட்டார். நம் பக்கம் மலிவாகக் கிடைப்பதே போதும்: நாமக்கல் முட்டை, நிலக்கடலை, கொள்ளு, பாசிப்பயறு, ராகிக்களி, மலையில் சாமை, தினை. தினம் இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலையும் கொடுத்தால், கடையில் விற்கும் புரோட்டீன் டப்பா தேவையில்லை. அந்த டப்பாவுக்குக் கடன் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சத்துணவு சும்மா சொல்லும் அறிவுரை இல்லை. ஜார்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், டிபி நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் கொடுத்ததால் அவர்களுக்கு நோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. எடை மிஷினை நாங்கள் ஏன் விடாமல் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று இப்போது புரியும்.

மீன் பற்றி மட்டும் ஒன்று. ஐசோனியசிட் சாப்பிடுபவர்கள் சூரை, கானாங்கெளுத்தி போன்ற கடல் மீன்களை, அதுவும் பல நாள் ஐஸில் கிடந்து வந்ததைச் சாப்பிட்டால், சிலருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மேட்டூர் டேம் மீன் புதிதாகக் கிடைத்தால் தாராளமாகக் குழம்பு வையுங்கள்.

அரசு பணம் தருகிறதாமே?

நிக்ஷய் போஷன் திட்டம். 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயில் தொடங்கியது, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். தனியார் மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் உண்டு, பெயர் நிக்ஷய் என்ற அரசின் டிபி நோயாளிப் பதிவில் இருக்க வேண்டும். பணம் வராததற்குப் பெரும்பாலும் காரணம், பயன்படுத்தாமல் முடங்கிப்போன வங்கிக் கணக்கு. எண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் வங்கியில் கேட்டு உயிர்ப்பித்துவிடுங்கள். சந்தேகங்களுக்கு இலவச எண் 1800-11-6666.

ஏற்காடு காற்று நல்லது என்கிறார்களே, அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா?

அந்த நம்பிக்கை, டிபிக்காரர்களை மாதக்கணக்கில் தங்கவைத்த சானடோரியம் ஆஸ்பத்திரிகளின் காலத்து மிச்சம். மருந்தில்லாத நாட்களில் நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு தவிர வேறு வழியில்லை. நம் தாத்தா பாட்டிக்குப் பெருந்துறை, தாம்பரம் என்றாலே அதுதான் ஞாபகம் வரும். ஆனால் சென்னையில் 1956-இல் தொடங்கி 1959-இல் முடிவு வெளியான ஆய்வு அந்தக் காலத்தையே முடித்துவைத்தது. நெருக்கடியான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகவே குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்க டிபியை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் வழக்கத்துக்கு அடித்தளம் நம் சென்னை ஆய்வு. இது நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

ஆகவே, ஏற்காட்டில் சொந்தக்காரர் வீடு இருந்து, அங்கே கவனிக்க ஆளும் இருந்தால் போகட்டும். காற்றுக்காக மட்டும், மாத்திரையும் பரிசோதனையும் இருக்கும் இடத்தை விட்டுப் போக வேண்டாம்.

நாங்கள் மலையில் உள்கிராமம். மழைக்காலத்தில் இறங்கி வர முடியாது. எஸ்டேட் வேலைக்குக் குடகு, கேரளா போய்விடுவோம். என்ன செய்வது?

போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள். நிக்ஷய் எண் நாடு முழுக்க ஒன்றுதான், போகும் ஊரில் அரசு மருத்துவமனையில் காட்டினால் அங்கேயே மருந்து தொடரும். மலையிலேயே இருப்பவர்கள் ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாங்கிக்கொள்ளலாம், கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டிச் சொன்னால் மழைக்காலத்துக்கு ஏற்பாடு செய்வார். காபி பறிப்பு நடக்கும் மாதங்களில்தான் மாத்திரை விடுவது அதிகம். மேஸ்திரியிடம் சொல்லத் தயங்கினால் எங்களிடம் சொல்லுங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். மலையில் மூடுபனி ஈரத்துக்குச் சீக்கிரம் கெட்டுவிடும்.

சளி எடுத்துக் கொடுத்தால் "இது எச்சில்" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடாமல், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். வெளியே வந்து, சுற்றி ஆள் இல்லாத இடத்தில் நின்று, இரண்டு முறை மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். மூன்றாவது முறை இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்து நேராக டப்பாவில் துப்புங்கள். கெட்டியாக, கொஞ்சம் மஞ்சளாக, ஒரு ஸ்பூன் அளவுக்கு இருந்தால் போதும். தொண்டையைச் செருமித் துப்புவது எச்சில்தான். பெயரை டப்பாவின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதினால் லேபில் மாறிப்போகும்.

எப்போது நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயைக் கண்டுபிடித்த உடனேயே சிலவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களை வார்டில் சேர்க்கிறோம்: உயரத்துக்கு மிக மிகக் குறைந்த எடை, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை. வீட்டில் இருக்கும்போதும் இதே கணக்குதான். எலும்பும் தோலுமாக இருப்பவருக்குக் கால் வீங்கினால் "உடம்பு பிடிக்குது" என்று சந்தோஷப்படாதீர்கள், அது மோசமான அறிகுறி.

இருமலில் ரத்தம் கோடு கோடாக வந்தால் அன்றைக்குள் வாருங்கள். கப் கப்பாக வந்தால் 108-க்கு அழையுங்கள். அதுவரை தலையை உயர்த்தி, எந்தப் பக்க நுரையீரலில் நோய் என்று தெரிந்தால் அந்தப் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். கடுமையான தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

வார்டுக்குப் புதிதாக வரும் நர்சுகளுக்கு ஏதாவது?

உங்களுக்கு என்95, நோயாளிக்குச் சாதாரண மாஸ்க். மாற்றிப் போடுவதை இன்னும் பார்க்கிறேன். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து நோயாளி பக்கம் போகும்படி உட்காருங்கள். மாத்திரை ஆரம்பிக்கும் முன் எடை, ஈரல் பரிசோதனை, சர்க்கரை, எச்ஐவி, பார்வை எல்லாம் குறிப்பில் இருக்கிறதா பாருங்கள். முதல் நாள் பார்வை எவ்வளவு என்று எழுதாவிட்டால், மூன்றாம் மாதம் மங்கல் என்றால் எதோடு ஒப்பிடுவீர்கள்? மாத்திரையை விழுங்குவதைப் பார்க்க வேண்டும்தான், ஆனால் பெரியவர்களை வாயைத் திறந்து காட்டச் சொல்லி அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினாலே மாத்திரை உள்ளே போய்விடும்.

மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்று சொல்லிவிட்டார்கள்.

மருந்துகள் வேறு, கவனிப்பும் வேறு. இப்போது பலருக்கு பெடாக்விலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மோக்சிஃப்ளோக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சை கிடைக்கிறது, முன்பு இருந்த ஒன்றரை, இரண்டு வருடமும் தினசரி ஊசியும் இல்லை. பெடாக்விலினுக்கு ஈசிஜி விடாமல் எடுக்க வேண்டும், மயக்கமோ படபடப்போ வந்தால் உடனே சொல்ல வேண்டும். லினசோலிட் ரத்த அணுக்களைக் குறைக்கும், கால் எரிச்சலும் பார்வை மங்கலும் கொடுக்கும். காலண்டர் சோதனை இவர்களுக்கும் உண்டு.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. இனி வர வேண்டாமா?

கடைசிச் சளிப் பரிசோதனை முடித்து, குணமானதாகப் பதிவு செய்த பிறகுதான் முடிந்தது. அதன் பிறகும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதற்கு முன்பே. கல் குவாரி, மண் தூசி வேலைக்குத் திரும்புபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், சிலிக்கா தூசி படிந்த நுரையீரலில் டிபி திரும்ப வருவது அதிகம்.

வீட்டில் மிச்சம் மாத்திரை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருமுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள், அவரைச் சளி டப்பாவோடு எங்களிடம் அனுப்புங்கள்.